அமராவதி அமுக்கிட்டா

…இரண்டுமே புதுப்பிக்கத்தான் சொல்கின்றன, அதுதான் சங்கடம், ஒன்று சிவப்பாக, போன் திரை முழுக்க அடைத்துக்கொண்டு, பட்டாசுக்கடை விளம்பரம் மாதிரி துடித்துத் துடித்து நிற்கிறது, இன்னொன்று மேலே ஓரமாக, ஒரு சின்னப் பல்சக்கரப் படத்தோடு, வந்து எத்தனை நாளாச்சென்றே தெரியாமல், விசேஷ வீட்டுக்கு வந்து உட்காரச் சொல்ல ஆளில்லாமல் வாசலோரம் நிற்கிறவர் மாதிரி நிற்கிறது… அமராவதி கூடத்துத் தரையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைக்கு வலக்கை, வயிற்றுக்குள் வெந்தயக் குழம்பும் சுட்ட அப்பளமும், வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. குழந்தைசாமி காலையிலேயே வெள்ளை வேட்டி சட்டையில் பஸ் ஏறிவிட்டார், ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து குளத்தூர், அவருடைய தங்கை பிரகதீஸ்வரி புதுவீடு கட்டிக் குடிபோகிறாள், அண்ணன் போகாமல் முடியுமா, அண்ணன் பெண்டாட்டி மட்டும் போகாமல் இருக்கலாமா என்றால் இருக்கக்கூடாதுதான், ஆனால் முழங்கால் வலி என்று அவள் முந்தாநாளே சொல்லிவைத்துவிட்டாள்… வலிக்கவில்லையா? வலித்தது. சொன்ன அளவுக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் கிளம்பிய சத்தம் ரோட்டில் தேய்ந்து போனதும் அந்த வலியும் எங்கே போனதோ, எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தனக்குப் பிடித்த குழம்பை, அவருக்கு ஆகாத கசப்போடு, வெந்தயத்தை இரண்டு மடங்கு போட்டு வைத்தாள், சட்டியோடு கூடத்துக்கே எடுத்து வந்து, தட்டில் பாதி சட்டியில் பாதியாகச் சாப்பிட்டாள், கேட்பாரில்லை.

சாப்பிட்டுப் படுத்தவள் ரவிக்கைக் கை தைக்கிற மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முழங்கைக்கு மேலே கொசுவம் வைத்த கை ஒன்று, ஓரத்தில் முத்துத் தொங்குகிற கை ஒன்று, இந்த வயதில் முத்துத் தொங்குகிற கையா என்று யாரும் பக்கத்திலிருந்து கேட்காததால் அதையே பெரிதாக்கிப் பார்த்தாள், அப்போதுதான் அந்தச் சிவப்பு வந்து மறைத்தது. உங்கள் கைபேசி ஆபத்தில் உள்ளது, நாலு வைரஸ் கண்டு பிடிக்க பட்டது, உடனே அப்டேட் செய்யாவிடில் சிம் சேதம் ஆகும், கீழே பச்சையாக ஒரு பொத்தான், அதற்கும் கீழே ஒரு கடிகாரம், இரண்டு நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. விரல் பொத்தான்வரை போய்விட்டது, ஓடுகிற எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் விரல் போகாது, பால் பொங்கி வரும்போது கை தானாகப் போகிற மாதிரி… ஆனால் அந்த ‘கண்டு பிடிக்க பட்டது’ கண்ணில் உறுத்தியது. பத்தாம் வகுப்பில் தமிழில் அவள்தான் முதல். கண்டுபிடிக்கப்பட்டது என்று சேர்த்து எழுத வேண்டாமா, நடுவில் ஒரு ‘ப்’ வேண்டாமா, இவ்வளவு பெரிய கம்பெனிக்காரனுக்கு ஒரு ஒற்றெழுத்துக்கா பஞ்சம்? விரலை இழுத்துக்கொண்டாள். அமுக்காவிட்டால் என்னதான் ஆகும், ஆகட்டுமே, பார்த்துவிடலாமே என்று ஒரு துணிச்சல், வீட்டில் ஆளில்லாத துணிச்சல். எண் இறங்கி இறங்கி ஒற்றைக்கு வந்து, சுழியத்தில் நின்றது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்… மறுபடியும் இரண்டு நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அமராவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெறும் கூடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள், அட நாயே, உனக்கு இவ்வளவுதானா!

பின்னால் போகிற பொத்தானை இரண்டு முறை தட்டியதும் சிவப்பு போய்விட்டது, ரவிக்கையும் போய்விட்டது, மேலே அந்தப் பல்சக்கரம் மட்டும் அப்படியே நின்றது. இது வைகாசி, மாசியிலேயே பார்த்த ஞாபகம். இழுத்துப் பார்த்தால் ‘மென்பொருள் புதுப்பிப்பு தயாராக உள்ளது, தங்களுக்கு வசதியான நேரத்தில் நிறுவிக்கொள்ளலாம்’ என்று தாலுகா ஆபீஸ் தமிழில் ஒரு வரி. வசதியான நேரத்தில்! அவளுடைய வசதியைக் கேட்டு ஒருவர் பேசுவது அபூர்வம்தான். மகள் கலைமதி ஓசூரிலிருந்து மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாம் முகம் பார்த்துப் பேசுகிற அந்த ஆப் இனி அப்டேட் போடாத போனில் ஓடாதும்மா, நீ அப்டேட் போடாமலே வைத்திருக்கிறாய், அடுத்த மாதத்திலிருந்து என் முகம் தெரியாது பார்த்துக்கொள் என்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போதே மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக இருந்தது. வருவது எல்லாம் பொய்யில்லை அம்மா, எல்லாம் நிஜமும் இல்லை, மேலே வந்து நிற்கிற எதையும் அமுக்காதே, செட்டிங்ஸுக்குள்ளே நீயாகப் போ, கடைசியில் புதுப்பிப்பு என்று இருக்கும், அங்கேயும் அதே செய்தி இருந்தால் நிஜம், இல்லையென்றால் பொய், இவ்வளவுதான் கணக்கு என்றாள். இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருடம்? ஆனால் அந்த இரண்டு வருடமாக இந்த வீட்டில் ஒரே சட்டம்தான், எது வந்தாலும் தொடாதே. சட்டம் போட்டவர் குழந்தைசாமி. சட்டத்துக்குக் காரணம் அமராவதி… அப்படித்தான் ஊருக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுக்கு ஒரே போன், அவருடைய போன், நாத்தனாரின் பேரனுக்குக் காதுகுத்து முடிந்த வாரம், கோயிலில் இவர்தான் படம் எடுத்தார், தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது, மொட்டைத்தலையில் சந்தனம் வழிகிறது, எல்லாம் இவர் போனில்தான், போட்டோக்காரனெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டியவர். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, ‘அப்டேட்… செய்க…’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தார், வாசிக்கும்போது முகத்தில் ஒரு பெருமை, சொன்னதைச் சொன்னபடி உடனே செய்து முடிக்கிற மனிதர் அவர், கரண்டு பில்லா, வீட்டு வரியா, கடைசி நாள்வரை வைத்திருந்ததே கிடையாது, அந்தச் சுறுசுறுப்பிலேயே அமுக்கினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அணைந்தது, எரிந்தது, என்னென்னவோ கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கடைத்தெருவில் போன் பழுது பார்க்கிறவன் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தால்தான் இது பிழைக்கும் என்று சொல்லிவிட்டான். காதுகுத்து போனது. மறுநாள் பிரகதீஸ்வரி படம் கேட்டுக் கூப்பிட்டபோது அமராவதி முற்றத்தில் மிச்சக் கீரையோடு உட்கார்ந்திருந்தாள், அவர் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, வேலிப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“படமெல்லாம் போச்சு தாயி. அமராவதி அமுக்கிட்டா.”

அமராவதி அமுக்கிட்டா. இரண்டே சொல். அவளுடைய கை ஒரு காம்பில் நின்றது, பிறகு அதுவே உருவ ஆரம்பித்தது. சொல்லியிருக்கலாம், அந்த இடத்திலேயே, ஏங்க, நானா அமுக்கினேன் என்று ஒரு வார்த்தை… தங்கச்சியிடம் பேசிக்கொண்டிருக்கிறவரை எப்படி நடுவில் மறிப்பது என்று ஒரு நிமிடம் பொறுத்தாள், போனை வைத்ததும் கேட்கலாம் என்றிருந்தாள், போனை வைத்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார், சாயங்காலம் கேட்கலாம் என்றிருந்தாள், சாயங்காலம் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குள் கலைமதியே ஓசூரிலிருந்து கூப்பிட்டு நீயாம்மா அமுக்குனே என்று கேட்டாள், இவள் என்ன சொன்னாள்? ‘ம்’ என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள், இன்றுவரை அவளுக்கே பிடிபடவில்லை. அந்த ‘ம்’முக்குப் பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது? ஒரு கல்யாணம் கருமாதி மிச்சமில்லை, மதினி கையில போனைக் குடுத்துறாதீங்க என்று பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டே சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள், அமராவதியும் சிரிப்பாள், அவர் மட்டும் அந்த நேரம் பார்த்துப் பந்தியில் தண்ணீர் வைக்க எழுந்து போவார். கெட்டவள் இல்லை பிரகதீஸ்வரி, கேலி பண்ணி முடித்துவிட்டு இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டுப் போகிறவள்தான், ஆனாலும் அந்தச் சிரிப்புக்கென்று குளத்தூர்வரை பஸ்ஸில் போக முழங்கால் ஒப்புக்கொள்வதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் போன் அவளுக்குக் கிடைத்ததே அதனால்தான். அம்மா அமுக்கினால் தன்னுடையதில் அமுக்கட்டும், அப்பாவுடையதை விட்டுவிடட்டும் என்று கலைமதி தீபாவளிக்கு வரும்போது வாங்கி வந்தாள், நீலநிறம், பின்பக்கம் வெயிலில் மயில் கழுத்து மாதிரி மின்னும். அதற்கு முன்னால் அவளுக்கென்று தனியாக என்ன இருந்தது, தையல் மிஷின் இருந்தது, ஒரு இரும்புப் பெட்டி இருந்தது… இப்போது ரவிக்கைக் கை இருக்கிறது, மத்தியானம் கேட்கிற கதை இருக்கிறது, முந்திரிக்காடு பூத்த நேரம் அவளே எடுத்த படங்கள் இருக்கின்றன, காற்றில் ஆடி மங்கலாக விழுந்தவற்றைக்கூட அழிக்காமல் வைத்திருக்கிறாள். பொய்யில் முளைத்த போன். நினைத்தால் நன்றாகத்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளிச் செருகி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளாகச் செட்டிங்ஸுக்குள்ளே போனாள்… அமைப்புகள், இணைப்புகள், ஒலி, காட்சி, இவ்வளவு அறைகளா இந்தச் சின்ன வீட்டுக்கு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வந்தால், இருந்தது. மென்பொருள் புதுப்பிப்பு. தயாராக உள்ளது. அதே தாலுகா ஆபீஸ் வரி, ஒற்றெழுத்துப் பிசகாமல். வைரஸ் என்ற பேச்சே இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு இதம் பரவியது, கணக்கு விடையும் புத்தகத்தின் பின்பக்க விடையும் ஒன்றாக இருந்தால் வருமே, அந்த மாதிரி. ஆனால் அமுக்கியதும் அது கேட்டது வேறு, வைஃபை வேண்டும், பாதிக்கு மேல் சார்ஜ் வேண்டும். சார்ஜ் இருக்கிறது. வைஃபைக்கு இன்னாசியம்மாள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வேலியைத் தாண்டினால் இன்னாசியம்மாள் வீடு. அவளுடைய மருமகன் ஜெரால்டு சென்னைக் கம்பெனி வேலையை இங்கேயே அறைக்குள் உட்கார்ந்து பார்க்கிறவன், அதற்காக வைத்த வைஃபை. முழங்காலை ஒரு பேச்சுக்கு நொண்டியபடி அமராவதி போய் நின்றாள், இன்னாசியம்மாள் முன்கூடத்தில் சாக்கை விரித்து ஒரு பலாப்பழத்தைப் பிளந்து போட்டிருந்தாள், வீடே மணத்தது. கேட்பாளோ, மறுபடியும் எதை அமுக்கப் போறே என்று கேட்பாளோ… அவள் கேட்கவில்லை, உள்ளே போய் மருமகனைக் கூட்டி வந்தாள், அவன் காதில் மாட்டியதைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்து, வைஃபையைத் தட்டிப் போட்டு, திரையைப் பார்த்து, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். சரியான இடம். அதை யாராவது இன்னொருவரும் கேட்டிருக்கலாம் என்று பட்டது. அலமாரிப் பக்கம் இருந்த சுவிட்சில் சார்ஜர் வயரைச் செருகி, போனை ஸ்டூலில் வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவளும் கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தாள். இறங்குகிறது, இறங்குகிறது, நீலக்கோடு நகர்கிறது. பழம் நல்ல பழம், வேர்ப்பலா, ஒவ்வொரு சுளையும் குழந்தை உள்ளங்கை அளவு. இறங்கி முடிந்ததும் நிறுவு என்று ஒரு பொத்தான் வந்தது, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சுண்டுவிரலால் அமுக்கினாள். அமுக்கியதும் போன் ஒருமுறை நடுங்கிவிட்டு அணைந்தது.

அணைந்தது என்றால் கறுப்பு. கோடில்லை, எழுத்தில்லை, ஒன்றுமில்லை. அவள் சுளையைக் கொட்டையிலிருந்து பிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள், கறுப்பு. இன்னொரு சுளை. கறுப்பு. கையெல்லாம் பால் பிசின் ஒட்டி விரல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன, இப்போது தொட்டுப் பார்க்கவும் முடியாது… என்ன காரியம் செய்துவிட்டாள்? முந்திரிப்பூ போய்விடுமே, கலைமதி போன பொங்கலுக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்ற படம் போய்விடுமே, அதுகூடப் பரவாயில்லை, மகள் இருக்கிறாள், புடவை இருக்கிறது, வாசல் இருக்கிறது, இன்னொரு படம் எடுக்கலாம், ஆனால் அந்த வார்த்தை? இத்தனை நாளும் பொய்யாக இருந்தது நிஜமாகப் போய்விடுமே. சாயங்காலம் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து பார்ப்பார், அமராவதி அமுக்கிட்டா என்பார், இந்தத் தடவை வேலிப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை, அவள் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். அதைவிட மோசம், இன்றைக்கு அமுக்கியவள் அன்றைக்கும் அமுக்கியிருப்பாள் என்று ஆகிவிடும், அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த உண்மை இருந்ததே, அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும், அவளே நாளைக்கு, நானாகத்தான் இருக்குமோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டால்? ஏதாவது பேசினால் தேவலை என்று, தன்னையும் மீறி, எல்லாரும் சொல்றாங்களேக்கா, நான் எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துருவேன்னு, அதான் பக்குபக்குன்னு இருக்கு என்றாள்.

இன்னாசியம்மாள் ஒரு சுளையை வாயில் போட்டு மென்றுகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“நீ எங்கத்தா அமுக்குனே? அவருல்ல அமுக்குனாரு.”

அமராவதியின் கை சுளைக்குள்ளேயே நின்றுவிட்டது. யார் சொன்னது என்று கேட்டாள்.

“அவருதான் சொன்னாரு. அன்னைக்கே பொழுதுசாய இங்கிட்டு வந்தாரு. மருமயன்கிட்ட போனைக் குடுத்து, நாந்தான் அமுக்கிட்டேன் தம்பி, எப்படியாச்சும் படத்தை எடுத்துக் குடுங்கன்னு நின்னாரு. மொகமே செத்துப்போச்சு மனுசனுக்கு. ஏன், ஒனக்குத் தெரியாதா?”

தெரியும் என்றாள் அமராவதி. தெரியும்தானே? அவர் அமுக்கியது தெரியும். இங்கே வந்தது தெரியாது, நின்றது தெரியாது, முகம் செத்துப்போனது தெரியாது. அன்று சாயங்காலம் தோப்புப் பக்கம் போனதாகத்தானே நினைத்தாள்… இல்லை, தோப்புக்குப் போனது மறுநாள், தங்கையிடம் பேசிய பிறகு. அப்படியானால் முதலில் இங்கே வந்து உண்மையைச் சொன்னார், மறுநாள் அங்கே பொய்யைச் சொன்னார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பக்கத்துவீட்டுத் தம்பியிடம் சொல்ல முடிந்தது கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியவில்லையா, நான் இருக்கேன்ல என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டிய வாய் ஆயிற்றே, அந்த வாயால் எப்படிச் சொல்லும்… கோபம் வர வேண்டும், வந்ததா? கொஞ்சம் வந்தது, வர வேண்டிய அளவுக்கு வரவில்லை, முழங்காலைப் போலத்தான் இதுவும். அவர் இந்தக் கூடத்தில், இதே இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பொடியனிடம் கையேந்தினாற்போல நின்றதை நினைக்க நினைக்க, அவளுக்குள் என்னவோ இளகியது. அப்போதுதான் ஸ்டூலில் வெளிச்சம். கறுப்பிலிருந்து வெள்ளை, வெள்ளையில் ஒரு வட்டம் சுற்றி, சுற்றி, டொய்ங் என்று ஒரு புதுச் சத்தத்தோடு போன் விழித்துக்கொண்டது. இன்னாசியம்மாளே எண்ணெயில் துடைத்த விரலால் படங்களைத் திறந்து காட்டினாள், முந்திரிப்பூ இருந்தது, மங்கல் முந்திரிப்பூவும் இருந்தது, கலைமதி புடவையில் வாசலில் நின்றாள். என்னத்தா இது, ஒரே பூவா எடுத்து வச்சுருக்கே என்றாள் இன்னாசியம்மாள். அமராவதி சிரித்தாள், சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, பிசின் கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஒரு தூக்கு நிறையச் சுளையோடு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, காலை நீட்டி உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள், எழுத்தெல்லாம் கொஞ்சம் உருண்டையாக மாறியிருந்தது, கடிகாரம் பெரிதாகக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, புதுச்சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. அவள் செய்தாள். அவளாக, பார்த்து, படித்து, சரியான இடத்துக்குப் போய். பிரகதீஸ்வரி புதுவீட்டில் இந்நேரம் பந்தி முடிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார்கள், பாவம், கால் வலித்திருக்கும் அவளுக்கும். குழந்தைசாமி இருட்டுகிற நேரத்துக்கு வந்தார், வேட்டியில் பஸ் அழுக்கு, கையில் தாம்பூலப் பை, வந்ததும் வராததுமாகப் புதுவீட்டுத் தரைக்கல்லைப் பற்றி, மொட்டைமாடியைப் பற்றி, சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதைப் பற்றி, மதினி ஏன் வரலை என்று பத்துப்பேர் கேட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். அதற்குள் கலைமதி கூப்பிட்டுவிட்டாள். திரையில் மகள் முகம் முழுசாக, ஒரு கட்டம் உடையாமல், மூக்குத்திக் கல் மின்னுவதுவரைக்கும் தெரிந்தது. அம்மா, போட்டியா, நீயேவா போட்டே என்று அவள் சந்தோஷப்பட, சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எதைப் போட்டாள் என்று கேட்டார். அப்டேட் என்றாள் அமராவதி. அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். படமெல்லாம்? இருக்கிறது என்று திருப்பிக் காட்டினாள், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பூவாகப் பூவாகத் தள்ளிப் பார்த்தார்.

மகள் பேசிவிட்டு வைத்தாள். பிறகு அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் கைவிட்டுத் தன்னுடைய போனை எடுத்து வந்து, அவள் பக்கத்தில், தரையில், உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“இதுலயும் ரெண்டு வருது. ஒண்ணு செவப்பா வந்து பயங்காட்டுது, இன்னொண்ணு அதும்பாட்டுல கெடக்கு. எது நெசம்னு பாரு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். சிவப்பை மூடினாள், அமைப்புகளுக்குள் போய்க் காட்டினாள், நீங்களா உள்ள போயிப் பாருங்க, இங்கயும் அதே இருந்தா நெசம்ங்க என்றாள், அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து பார்த்தார், அவருடைய வெள்ளை மீசை முடியில் சந்தனமோ சாம்பாரோ ஒரு துளி காய்ந்திருந்தது. நாளைக்கு இன்னாசியம்மாள் வீட்டு வைஃபையில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். ஜெரால்டு பேரை எடுத்ததும் அவர் கை போனிலிருந்து விலகியது. தொண்டையைச் செருமினார்.

“அமராவதி… அன்னைக்கு அந்தக் காதுகுத்துப் படம் போச்சுல்ல…”

“இருங்க, பால் வச்சேன், பொங்கிரப் போகுது” என்று அவள் எழுந்துவிட்டாள்.

எழுந்த வேகத்தில் முழங்கால் நிஜமாகவே சுருக்கென்றது. சமையலறைக்குள் வந்து நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, சட்டிகூட இல்லை, கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தாள், பால் இன்னும் பாக்கெட்டிலேயே இருந்தது. ஏன் எழுந்து வந்தாள்? இரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தாள், பந்திக்குப் பந்தி சிரித்துக்கொண்டு, இப்போது அது தரையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமியபோது, கேட்கக்கூடாது என்று ஏன் தோன்றியது… அவருக்காகவா? அந்தச் செத்துப்போன முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டாம் என்றா? அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி நினைத்துக்கொள்ள நன்றாக இருந்தது, ஆனால் அது மட்டும்தானா? அவர் சொல்லிவிட்டால் முடிந்துபோகும். தையல் மிஷினையும் இரும்புப் பெட்டியையும்போல, அவள் ஒருத்திக்கு மட்டும் சொந்தமாக, யாருக்கும் காட்டாமல், மத்தியான நேரங்களில் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த ஒன்று… அதைக் கொடுத்துவிட அவளுக்கு மனசில்லையோ? சேச்சே என்றுகூடச் சொல்லிக்கொள்ள வரவில்லை. கூடத்தில் அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, மின்விசிறி ஓடுகிற சத்தம், பொத்தானைத் தொடாமல் அமைப்புகள் என்று அவர் வாய்க்குள் எழுத்துக் கூட்டுகிற சத்தம். அமராவதி பால் பாக்கெட்டை எடுத்து, கத்தரிக்கோலைத் தேடினாள், கண்ணெதிரே ஆணியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, அங்கும் இங்குமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.